ஏற்காட்டு ஏற்றமும் எழுபதுகளின் கியர்களும்

சேலம் நகரின் ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு மொட்டைமாடியில் நின்று வடக்கே பாருங்கள். சேர்வராயன் மலை தெரியும். அஸ்தம்பட்டி, கோரிமேடு வழியாக அடிவாரத்தை அடைந்து, அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. சேலம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஆகவே ஏற்காடு செல்லும் ஒவ்வொரு காரும் தன்னையும் தன்னுள் இருப்போரையும் சுமார் 1,200 மீட்டர் மேலே தூக்கியாக வேண்டும்.

சமவெளியில் 60 கிலோமீட்டர் வேகத்தில் அமைதியாக ஓடிய கார், மலையில் 20 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டே உறுமுவதைக் கேட்டிருப்பீர்கள். வேகம் குறைந்தால் சத்தமும் குறையத்தானே வேண்டும்? அவ்வாறு நிகழாததற்குக் காரணம் கியர் பெட்டி.

எஞ்சினின் குறைபாடு

பெட்ரோல் எஞ்சினுக்கு ஒரு குறைபாடு உண்டு. மெதுவாகச் சுழலும்போது அதனால் போதிய விசை தர இயலாது. நிமிடத்துக்குச் சில நூறு சுற்றுகளுக்குக் கீழே போனால் திணறி நின்றுவிடும். ஏறத்தாழ 1,000 முதல் 4,000 சுற்றுகள் வரையில்தான் நன்கு உழைக்கும். சக்கரமோ நின்ற நிலையிலிருந்து படிப்படியாக வேகம் பெற வேண்டும். இவ்விரண்டையும் பொருத்தி வைப்பதே கியரின் வேலை.

15 பற்கள் உள்ள சிறு சக்கரம், 60 பற்கள் உள்ள பெரிய சக்கரத்தைச் சுழற்றுவதாகக் கொள்வோம். சிறியது 4 முறை சுற்றினால் பெரியது ஒரு முறைதான் சுற்றும். வேகம் கால்பங்காகிறது, ஆனால் முறுக்குவிசை, உராய்வில் போகும் சிறு இழப்பு நீங்கலாக, நான்கு மடங்காகிறது. வேகத்தைக் கொடுத்து விசையை வாங்கும் பண்டமாற்று இது. கிணற்றுக் கப்பியிலும் கடப்பாரை நெம்புகோலிலும் நடப்பது இதே பேரம்தான்.

இனி ஒரு கணக்கு. காரின் சக்கரச் சுற்றளவு 2 மீட்டர்; பின் அச்சில் உள்ள பற்சக்கரங்கள் வேகத்தை நான்கரைப் பங்கு குறைக்கின்றன என்று கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் சக்கரம் நிமிடத்துக்கு 500 முறை சுற்றும். நான்காவது கியரில் எஞ்சினின் வேகம் கியர் பெட்டியில் மாறாமல் அப்படியே வெளிவருவதால், எஞ்சின் 2,250 சுற்றுகள் சுற்றும். அதே கியரில் 20 கிலோமீட்டர் வேகத்தில் மலை ஏற முயன்றால் எஞ்சின் 750 சுற்றுகளுக்கு இறங்கிவிடும். வண்டி குலுங்கி நின்றுபோகும். நான்கு பங்கு குறைக்கும் முதல் கியருக்கு மாற்றினால் அதே 20 கிலோமீட்டரில் எஞ்சின் 3,000 சுற்றுகள் சுற்றும். உறுமலின் காரணம் இப்போது விளங்கும்.

எழுபதுகளின் கார்கள்

1970-களின் பிற்பகுதியில் நம் சாலைகளில் பெரும்பாலும் காணப்பட்டவை இரண்டு கார்கள்: கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் தயாரான அம்பாசடர், பம்பாய் குர்லாவில் தயாரான பிரிமியர் பத்மினி. சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் தயாரான ஸ்டாண்டர்டு கெஸல் 1977-இல் நின்றுபோயிற்று. இன்று அது காண்பதற்கரிய வண்டி. அமெரிக்காவில் 1940-ஆம் ஆண்டு மாடல் கார்களிலேயே தானியங்கி கியர் விற்பனைக்கு வந்துவிட்டது. எழுபதுகளில் அங்கே கையால் கியர் மாற்றும் கார்கள்தாம் சிறுபான்மை. நம் நாட்டில் அன்று தயாரான கார்களிலோ கை கியரே விதி.

அம்பாசடரிலும் பத்மினியிலும் கியர்த் தண்டு தரையில் இல்லை. ஸ்டியரிங்கின் கழுத்தில் இருந்தது. அதனால் முன் இருக்கை ஒரே பலகையாக அமைந்து, ஓட்டுநருடன் இருவர் உட்கார முடிந்தது. நான்கு முன் கியர்கள். அவற்றில் இரண்டு, மூன்று, நான்குக்கு மட்டுமே 'சின்க்ரோமெஷ்' என்னும் அமைப்பு உண்டு. பற்கள் ஒன்றோடொன்று பொருந்துமுன், கூம்பு வடிவான இரு பரப்புகளை உரசச் செய்து வேகங்களைச் சமப்படுத்தும் அமைப்பு அது. அமெரிக்காவின் கேடிலாக் நிறுவனம் 1928-இல் இதனை அறிமுகப்படுத்தியது.

முதல் கியருக்கு அந்த உதவி இல்லை. ஓடும் வண்டியில் அதனைப் போட்டால் பற்கள் மோதிக் கறகறவென்று அலறும். எனவே மலைப்பாதையில் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும். அல்லது இரட்டைக் கிளட்ச் முறையைக் கையாள வேண்டும். கிளட்சை மிதித்து நியூட்ரலுக்கு வந்து, கிளட்சை விட்டு ஆக்ஸிலரேட்டரைச் சற்று அழுத்தி, உள்ளே சுழலும் பற்சக்கரத்தின் வேகத்தைக் கூட்டி, மீண்டும் கிளட்சை மிதித்து முதல் கியரில் தள்ளுவார். எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதைக் காதுதான் சொல்லும். சின்க்ரோமெஷ் செய்யும் வேலையை அங்கே மனிதனே செய்தான்.

இறங்குவதே பெரிய சோதனை

ஏறும்போது தவறினால் வண்டி நின்றுபோகும், அவ்வளவே. இறங்கும்போது தவறினால் உயிருக்கே ஆபத்து. ஆட்களுடன் 1,500 கிலோகிராம் எடையுள்ள கார் 1,200 மீட்டர் இறங்கும்போது ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. 30 டிகிரி வெப்பமுள்ள 60 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர இது போதும்! இதில் ஒரு பகுதியைச் சாலையும் காற்றும் வாங்கிக்கொள்ளும். நியூட்ரலில் இறங்கினால் மீதி முழுவதும் பிரேக்கில் வெப்பமாகும்.

அக்காலக் கார்களில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்குகளே. மூடிய டிரம்மில் வெப்பம் எளிதில் வெளியேறாது. சூடேறிய பிரேக் லைனிங்கின் உராய்வு குறையும். பிரேக் எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள் தோன்றும். எண்ணெய் அமுங்காது, ஆவி அமுங்கும். ஆகவே மிதி தரைவரை இறங்கியும் பிரேக் பிடிக்காது.

தாழ்ந்த கியரில் இறங்கினால் நிலைமை மாறுகிறது. இப்போது சக்கரங்கள்தாம் எஞ்சினைச் சுழற்றுகின்றன. ஆக்ஸிலரேட்டரை விட்டுவிட்டதால் காற்று வழி ஏறத்தாழ மூடியிருக்கும். பிஸ்டன்கள் காற்றைச் சிரமப்பட்டு இழுக்க வேண்டியிருக்கும். இந்த இழுவையும் உராய்வும் வண்டியைப் பின்னிழுக்கின்றன. முதல் கியரில் அந்த இழுவையும் நான்கு மடங்காகச் சக்கரத்தை அடைகிறது. வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் வெளியேறுகிறது. பிரேக் குளிர்ந்தபடி வளைவுகளுக்குத் தயாராக இருக்கும். ஏறிய கியரிலேயே இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொன்னதன் பொருள் இதுவே.

பத்மினியின் உற்பத்தி 2000-ஆம் ஆண்டையொட்டியும் அம்பாசடரின் உற்பத்தி 2014-லும் முடிந்தன. இன்றைய கை கியர்க் கார்களில் எல்லா முன் கியர்களுக்கும் சின்க்ரோமெஷ் உண்டு. முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் உண்டு. தானியங்கிக் கார்கள் பெருகிவிட்டன. மின்சாரக் கார்களோ இறக்கத்தில் மோட்டாரையே டைனமோவாக்கி, அந்த ஆற்றலின் ஒரு பகுதியை மின்கலத்தில் சேமிக்கின்றன. ஆனால் மலையின் உயரம் குறையவில்லை. இறங்கும் வண்டி வெளிவிட வேண்டிய ஆற்றலும் குறையவில்லை. அடுத்த முறை ஏற்காட்டிலிருந்து இறங்கும்போது, பெட்ரோலை மிச்சப்படுத்த நியூட்ரலில் விடலாம் என்று யாரேனும் சொன்னால், அந்த 60 லிட்டர் கொதிநீரை அவருக்கு நினைவூட்டுங்கள்.