மூன்றாம் எண் சீட்டு

விம்பிள்டன் கணக்காளர்களுக்கு ஜனவரி பொல்லாத மாதம். 31-ஆம் தேதிக்குள் வருமான வரிக் கணக்கை இணையத்தில் தாக்கல் செய்தாக வேண்டும். தெரிந்தவரும் தெரியாதவரும் பில்களை மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டே இருப்பார்கள்.

அவற்றில் ஒன்றை விண்டோஸ் கணினியில் டவுன்லோட் செய்ததும், பிரவுசர் அந்தக் கோப்போடு இன்னொரு குறிப்பையும் ஒட்டிவிடுகிறது. ஃபோல்டரில் அது தெரியாது. கோப்பின் அளவும் கூடியதாகக் காட்டாது. அதில் முக்கியமான வரி ஒன்றுதான்: 'ஜோன்ஐடி=3'. ஹீத்ரோவில் வந்திறங்கும் பெட்டியில் தொங்கும் சீட்டு மாதிரி, எங்கிருந்து வந்தது என்று சொல்லும். உள்ளே என்ன என்று சொல்லாது. 0 என்றால் இதே கணினி, 1 அலுவலக வலை, 3 இணையம். இந்தக் கணக்கை வகுத்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 2022 ஜூனில் ஓய்வு பெற்றுவிட்டது. அதன் எண்களைக் குரோம் இன்றும் எழுதிக்கொண்டிருக்கிறது.

எழுதுவது பிரவுசர், படிப்பது வேர்டும் எக்செலும். 3 என்று கண்டால் கோப்பைத் திருத்த முடியாதபடி திறக்கும். பயம் மேக்ரோவைப் பற்றித்தான். மாதக் கணக்கைத் தானாகக் கூட்டித்தர ஆவணத்துக்குள்ளேயே எழுதிவைக்கும் சிறு நிரல் அது. வங்கிக் கடவுச்சொல்லைத் திருடும் நிரலை இறக்கிவைக்கவும் அதனால் முடியும். டிரிடெக்ஸ் என்ற திருட்டு நிரல் இப்படித்தான் பில் வேடத்தில் வந்தது. அதனால் பிரிட்டனுக்கு 2 கோடி பவுண்டு வரை இழப்பு என்று அந்நாட்டின் தேசியக் குற்றப் புலனாய்வு முகமை 2015 அக்டோபரில் சொன்னது. அன்று மஞ்சள் பட்டையில் இருந்த பொத்தானை அழுத்தினால் மேக்ரோ ஓடும். ஜனவரி அவசரத்தில் யார்தான் அழுத்தமாட்டார்கள்? அழுத்தியவரைத் திட்டுவது சோம்பேறித்தனம்.

இணையத்திலிருந்து வரும் மேக்ரோவை அடியோடு தடுக்கும் அமைப்பு 2016-லேயே வந்துவிட்டது, ஆனால் 'குரூப் பாலிசி'க்குள். பெரிய அலுவலகத்தில் நிர்வாகி ஒரே இடத்தில் அதை மாற்றினால் போதும். ஒவ்வொரு கணினியும் 90 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரிடம் புது விதி உண்டா என்று கேட்கும். அதோடு 30 நிமிடம் வரை ஏதோ ஒரு கூடுதல் தாமதமும் உண்டு. எல்லாம் ஒரே நொடியில் போய்க் கேட்டால் சர்வர் திணறும் அல்லவா! இரண்டு பேர் நடத்தும் கணக்கு அலுவலகத்துக்கு நிர்வாகி ஏது? பாதுகாப்பு இருந்தும் ஆறு ஆண்டுகள் அங்கே போய்ச் சேரவில்லை. 2022-இல் மைக்ரோசாஃப்ட் அதையே இயல்பு நிலையாக்கியது. பிப்ரவரியில் அறிவித்து, ஜூலையில் பின்வாங்கி, அதே மாதம் மறுபடி தொடங்கியது. என்னைக் கேட்டால், எந்த ஆன்டிவைரஸ் விளம்பரத்தையும்விடப் பெரிய செய்தி அதுதான்.

திருடர்கள் உடனே, மற்றக் கோப்புகளை உள்ளே அடக்கிவைக்கும் ஐஎஸ்ஓ கோப்புக்கு மாறினார்கள். அதன்மேல் ஒட்டிய எண், உள்ளே இருந்தவற்றுக்கு இறங்கவில்லை. நவம்பரில் அந்த ஓட்டை அடைபட, 2023 தொடக்கத்தில் ஒன்நோட் கோப்புகளைப் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னொரு வழி அடைபடவே இல்லை. இந்தக் குறிப்பு தங்குவது என்டிஎஃப்எஸ் முறையில் அமைந்த வட்டில் மட்டும். எஃப்ஏடி32 பென்டிரைவில் கோப்பை நகலெடுத்தால் குறிப்பு உதிர்ந்துவிடும். வாடிக்கையாளர் அதை நேரில் கொண்டுவந்து செருகினால், இணையத்தில் பிறந்த கோப்பை வேர்ட் உள்ளூர்க்காரராகவே நடத்தும். மஞ்சள் பட்டையில் பழைய பொத்தான் மறுபடி வந்து நிற்கும்.