கேமரன் மலைக்குச் சுற்றுலாவா? சமையல் பையோடு கிளம்புங்கள்!

கேரி தீவு - பள்ளி விடுமுறை வந்துவிட்டால், செம்பனைத் தோட்டத்து வெயிலிலிருந்து இரண்டு நாளாவது தப்பிக்க வேண்டும் என்று பிள்ளைகள் நச்சரிப்பார்கள். நம் குடும்பங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கேமரன் மலைதான். தங்கும் செலவையும் பெட்ரோலையும்கூட ஒருவாறு சமாளித்துவிடலாம். சாப்பாட்டுச் செலவுதான் கையைக் கடிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். வெளியில் ஒரு வேளைக்கு ஒருவருக்கு 12 ரிங்கிட் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேருக்கு 60 ரிங்கிட். மூன்று நாள், இரண்டு இரவுப் பயணத்தில் ஏழு வேளை வரும். மொத்தம் 420 ரிங்கிட். இதில் ஐந்து வேளையை நாமே சமைத்தால், கடைக்குப் போகவிருந்த 300 ரிங்கிட்டில் பெரும்பகுதி மிஞ்சும்.

இதற்குச் சமையலறை உள்ள அடுக்குமாடி வீடு தேவை. பதிவு செய்யும்போதே அடுப்பு, ரைஸ் குக்கர், ஐஸ் பெட்டி, சட்டி பானை எல்லாம் இருக்கின்றனவா, சமைக்க அனுமதி உண்டா என்று கேட்டுவிடுங்கள்.

இன்னொரு விஷயம். கேரி தீவு கடல் மட்டத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். தானா ராத்தா, பிரிஞ்சாங் பகுதிகள் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் உள்ளன. அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் சுமார் 95 டிகிரியிலேயே தண்ணீர் கொதித்துவிடும். எவ்வளவு தீ வைத்தாலும் திறந்த பானையில் சூடு அதற்கு மேல் ஏறாது. அதனால்தான் பருப்பும் கடலையும் அங்கே வேக நேரமாகிறது. பருப்பை ஊற வையுங்கள், அல்லது விசில் குக்கரைக் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

ஐந்து வேளைக்கான எளிய திட்டம் இதோ:

முதல் நாள் மதியம், வீட்டிலிருந்து கொண்டுபோகும் புளிச்சோறும் அவித்த முட்டையும். தேங்காய்ப்பால் சேர்த்த நாசி லெமாக் காரின் சூட்டில் சீக்கிரம் கெட்டுவிடும், அதைத் தவிர்க்கலாம்.

முதல் நாள் இரவு, சோறு, ரசம், பொரித்த மீன். நம் தீவு மீனைச் சுத்தம் செய்து, மஞ்சளும் மிளகாய்த் தூளும் தடவி, கல்லாக உறைய வைத்து, ஐஸ் நிறைந்த பெட்டியில் கொண்டு செல்லுங்கள். அன்றிரவே பொரித்துவிட வேண்டும். சோற்றைக் கூடுதலாக ஆக்கி, மிச்சத்தை ஆறியவுடன் ஐஸ் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

இரண்டாம் நாள் காலை, அந்தச் சோற்றில் நெத்திலி, முட்டை சேர்த்துப் பிரட்டல். ஆவி பறக்கும்வரை நன்றாகச் சூடாக்குங்கள். நெத்திலியை வீட்டிலேயே வறுத்து எடுத்துக்கொண்டால் வேலை மிச்சம்.

இரண்டாம் நாள் இரவு, கீ ஃபார்ம் சந்தையில் வாங்கிய முட்டைக்கோஸ், கேரட், காளானைப் போட்டு மீகூன் சூப். குளிருக்கு இதைவிட இதமானது வேறில்லை.

மூன்றாம் நாள் காலை, ரொட்டியும் டின் சார்டின் சம்பலும்.

இரண்டாம், மூன்றாம் நாள் மதியத்தை மட்டும் கடைக்கு விட்டுவிடுங்கள். பிள்ளைகளுக்கும் வெளியில் சாப்பிட்ட மகிழ்ச்சி இருக்கும்.

பணத்தைவிட முக்கியமானது பாதுகாப்பு. சமைத்த உணவை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட வேண்டும் என்பதுதான் சுகாதார அமைச்சின் அறிவுரை. புளிச்சோற்றையும் விடிகாலையில் கட்டி மாலைவரை வைத்திருக்காதீர்கள். குளிருக்காக ஜன்னலை அடைத்துக்கொண்டு அறைக்குள் கரி அடுப்பு மூட்டவே கூடாது. கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூங்குகிறவர்களின் உயிரையே பறித்துவிடும். கையடக்க கேஸ் அடுப்பின் குப்பியையும் வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுச் செல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மலைக்குப் போயும் அம்மா அடுப்படியிலேயே நின்றால் அது அவருக்கு விடுமுறை ஆகாது. காய் நறுக்குவது பிள்ளைகள், பாத்திரம் கழுவுவது அப்பா என்று கிளம்பும் முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்.