விருது வந்தது, படம் வரவில்லை!

புதுதில்லி: மதுரை மாவட்டம், மேலூரை அடுத்த அரிட்டாபட்டி வட்டாரத்தின் சுடுவெயிலில் படமாக்கப்பட்ட "கூழாங்கல்', 2021 பிப்ரவரியில் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் முதன்மை விருதான "டைகர்' விருதை வென்றது. அவ்விருதைப் பெற்ற முதல் தமிழ்ப் படம் அது. அதே ஆண்டு ஆஸ்கர் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் அப்படமே. ஆனால், தமிழ் ரசிகர்கள் அதைக் காண 2023 அக்டோபர் வரை காத்திருக்க நேர்ந்தது. அப்போதும் திரையரங்குகளுக்கு வராமல், ஓடிடி தளம் ஒன்றில் நேரடியாக வெளியானது.

விருதுக்கும் ரசிகருக்கும் இடையே ஏறத்தாழ 32 மாதங்கள். நட்சத்திர பலமோ, பெரிய நிறுவனத்தின் பின்துணையோ இல்லாத சுயாதீனப் படங்கள் எங்கு, எப்படி விலைபோகின்றன என்ற கேள்விக்கு இந்த இடைவெளியில்தான் விடை இருக்கிறது.

இத்தகைய படங்களை வாங்கவும் விற்கவும் உலகில் தனிச் சந்தைகள் உள்ளன. பிரான்ஸின் கான் திரைப்பட விழாவையொட்டி 1959-ல் தொடங்கிய சந்தை அவற்றுள் முதன்மையானது. 1981-ல் அமெரிக்கத் திரைப்படச் சந்தையும், 1997-ல் ஹாங்காங் சந்தையும் தொடங்கப்பட்டன. இந்தியாவில் அத்தகைய ஏற்பாடு 2007-ல்தான் உருவானது.

கோவா சந்தை: மத்திய தகவல், ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் தேசிய திரைப்பட வளர்ச்சிக் கழகம், "பிலிம் பஜார்' என்ற பெயரில் இச்சந்தையைக் கோவாவில் தொடங்கியது. இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழா 2004 முதல் கோவாவில் நடைபெற்று வருவதால், விழாவுக்கு வரும் வெளிநாட்டினரைச் சந்தைக்கும் ஈர்ப்பது எளிதாயிற்று. ஆண்டுதோறும் நவம்பரில் கூடும் இச்சந்தையின் பெயருடன் 2025-ல் "வேவ்ஸ்' என்ற சொல்லும் சேர்ந்தது.

இங்கு முடிந்த படங்கள் மட்டும் விற்கப்படுவதில்லை. எழுதி முடித்த கதைக்குக் கூட்டுத் தயாரிப்பாளரைத் தேடலாம். பாதி முடிந்த படத்தை வெளிநாட்டுப் படத்தொகுப்பாளர்களுக்கும் விழா நிர்வாகிகளுக்கும் காட்டி ஆலோசனை பெறலாம். முடிந்த படங்கள் "வியூயிங் ரூம்' எனப்படும் பார்வை அறையில் வைக்கப்படுகின்றன. வாங்க வருவோர் தனித்தனிக் கணினிகளில் அமர்ந்து தமக்கு வேண்டியதைத் தேர்ந்து பார்க்கின்றனர். கழகம் பரிந்துரைக்கும் படங்களின் பட்டியல் தனியே வெளியிடப்படும்.

ஹிந்திப் படமான "தி லஞ்ச்பாக்ஸ்', மராத்தியின் "கோர்ட்', கன்னடத்தின் "திதி' ஆகியவை இச்சந்தையின் வழியே வெளியுலகை எட்டியவை. இந்தியா, பிரான்ஸ், ஜெர்மனி கூட்டுத் தயாரிப்பான "தி லஞ்ச்பாக்ஸ்', 2013-ல் கான் விழாவில் திரையிடப்பட்டது, அதன் வட அமெரிக்க உரிமையை "சோனி பிக்சர்ஸ் கிளாசிக்ஸ்' வாங்கியது. "கூழாங்கல்' படமும் இச்சந்தையில்தான் முதலில் கவனம் பெற்றது. அங்கு அதைக் கண்ட இயக்குநர் ராம் அளித்த பாராட்டைத் தொடர்ந்து, விக்னேஷ் சிவன், நயன்தாரா ஆகியோரின் "ரெளடி பிக்சர்ஸ்' நிறுவனம் படத்தை ஏற்றுக்கொண்டது. அதாவது, விருதுக்கு முன்பே சந்தை தன் பணியைச் செய்துவிட்டது.

ஏரியா கணக்கு: சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. தமிழகத்தில் பட வியாபாரம் நெடுங்காலமாக "ஏரியா' கணக்கில் நடப்பது. சென்னை நகரம், செங்கல்பட்டு, கோவை, சேலம், மதுரை - ராமநாதபுரம், திருச்சி - தஞ்சாவூர், திருநெல்வேலி - கன்னியாகுமரி எனப் பிரித்து, மினிமம் கியாரண்டி அடிப்படையிலோ, விநியோக முறையிலோ உரிமை கைமாறும். அங்கு விலையை நிர்ணயிப்பவை நடிகரின் முகமும், அவரது முந்தைய படத்தின் வசூலும்தான். ராட்டர்டாமின் விருதுக்கு மதுரை ஏரியாவில் விலை கிடையாது.

சர்வதேசச் சந்தையின் கணக்கோ வேறு. அங்கு விற்பனை முகவர் படத்தை ஏற்று, நாடு நாடாக உரிமையை விற்பார். தமது செலவையும் கமிஷனையும் கழித்த பிறகே எஞ்சிய தொகை தயாரிப்பாளரைச் சேரும். பல படங்களுக்கு அந்த மிச்சம் சொற்பமே. எனவே, வெளிநாட்டில் விலைபோன படமும் சொந்த மண்ணில் வெளியிடப் பணமின்றி நிற்க நேரிடுகிறது.

"கூழாங்கல்' இயக்குநர் பி.எஸ். வினோத்ராஜின் அடுத்த படமான "கொட்டுக்காளி' இதற்கு நேர்மாறான சான்று. 2024 பிப்ரவரியில் பெர்லின் விழாவில் திரையிடப்பட்ட அப்படம், ஆகஸ்டிலேயே திரையரங்குகளுக்கு வந்துவிட்டது. அதைத் தயாரித்தது நடிகர் சிவகார்த்திகேயனின் நிறுவனம், நாயகன் சூரி. இயக்குநர் அவரே, மாறியது பின்துணை.

கடல் கடந்த ரசிகர்: தமிழகத்தின் ஏரியாக்கள் கடற்கரையோடு முடிந்துவிடுகின்றன. தமிழர்கள் கணிசமாக வாழும் அந்தமான் தலைநகர் ஸ்ரீவிஜயபுரத்தின் (முன்னாள் போர்ட் பிளேர்) மின்னி பே போன்ற பகுதிகளில் இருப்போருக்கு, இத்தகைய படங்களைக் காண ஓடிடி தளங்களே பெரும்பாலும் வழி. அந்த வழியும் புதியதே. சென்னையிலிருந்து ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளத்துக்குப் போடப்பட்ட கடலடி கண்ணாடி இழை கேபிள் 2020 ஆகஸ்ட் 10-ல் தொடங்கி வைக்கப்படும் வரை, தீவுகள் செயற்கைக்கோள் இணைப்பையே நம்பியிருந்தன. இப்போது பாதை இருக்கிறது. ஆனால், தளம் வாங்காத படம் அதில் பயணிக்க முடியாது.

முன்பு இந்தக் குறையை ஓரளவு தீர்த்தது தூர்தர்ஷன். ஞாயிறு பிற்பகல்களில் அது ஒளிபரப்பிய மாநில மொழிப் படங்களின் வழியே, விருது பெற்ற வங்காள, மலையாளப் படங்கள் நாடெங்கும் வீடுகளுக்கு வந்தன. 2024 நவம்பரில் பிரசார் பாரதி, "வேவ்ஸ்' என்ற பெயரிலேயே சொந்த ஓடிடி தளத்தைத் தொடங்கியது. சந்தையை நடத்தும் கழகமும், தளத்தை நடத்தும் பிரசார் பாரதியும் ஒரே அமைச்சகத்தின் வரம்புக்குள் வருபவை. சந்தை பரிந்துரைக்கும் படங்களுக்கு அத்தளத்தில் நியாயமான விலையும் நிலையான இடமும் கிடைக்குமானால், அரிட்டாபட்டியில் எடுத்த படம் மின்னி பேயைச் சேர இன்னும் 32 மாதங்கள் காத்திருக்க வேண்டியிராது.