பழைய மாணவர் சந்திப்பு: கொட்டிக் கொடுக்கும் விவரங்கள், கோட்டைவிடும் பணம்

பள்ளியை விட்டு இருபத்தைந்து ஆண்டு கழித்து ஒரு வகுப்பு மீண்டும் கூட நினைத்தால், முதலில் ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கப்படுகிறது. அடுத்ததாக ஒரு கூகுள் படிவம் சுற்றுக்கு வருகிறது. பெயர், வகுப்பில் வைத்த பட்டப்பெயர், பிறந்த தேதி, பதவி, கணவர் அல்லது மனைவி பெயர், பிள்ளைகள் படிக்கும் கல்லூரி, வீட்டு முகவரி, கைபேசி எண், குடும்பப் படம் என எல்லாம் அதில் கேட்கப்படுகின்றன. பிறகு ‘நினைவு மலர்’ என்ற பெயரில் அத்தனையும் ஒரே பிடிஎஃப் கோப்பாகி எல்லாருடைய கைபேசிக்கும் போகிறது. அங்கிருந்து யார் யாருக்கோ போகிறது. மோசடிக்காரர்கள் மாதக்கணக்கில் அலைந்து திரட்ட வேண்டியதை ஒரு வகுப்பே கூடி உட்கார்ந்து தொகுத்துக் கொடுத்துவிடுகிறது.

இதற்குச் சட்டம் காவல் நிற்கும் என்று நம்புவது வீண். 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகக் கையாளும் தரவுக்குப் பொருந்தாது என்று 3ஆம் பிரிவிலேயே விலக்கு அளிக்கிறது. நண்பர்கள் தங்களுக்குள் தொகுக்கும் பட்டியல் பெரும்பாலும் இந்த விலக்குக்குள் அடங்கிவிடும். எனவே கவனமாக இருக்க வேண்டியவர்கள் விவரம் கொடுப்பவரும் தொகுப்பவரும்தான்.

சந்திப்புக்குப் பெயர், ஊர், தொழில் போதும். பிறந்த தேதியும் வீட்டு முகவரியும் தேவையே இல்லை. கைபேசி எண்கள் அமைப்பாளர்கள் இருவரிடம் மட்டும் இருந்தால் போதும். படிவத்தின் பதில்கள் சேரும் தாளை ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்ற நிலையில் விட்டுவைக்கக் கூடாது. எல்லாரும் சேர்ந்தபின் குழுவின் அழைப்பு இணைப்பை மாற்றிவிட வேண்டும். பழைய இணைப்பு எங்கெல்லாம் சுற்றுகிறதோ, யாருக்கும் தெரியாது. தோழிகளின் எண்ணை அவர்களைக் கேட்காமல் குழுவில் சேர்ப்பது உரிமை மீறல். ‘நம்ம கிளாஸ்தானே’ என்பது அனுமதி ஆகாது.

விடுதி அறை பதிவு செய்வதற்காக எல்லாருடைய ஆதார் நகலையும் குழுவிலேயே போடச் சொல்வது இன்னொரு பழக்கம். நாற்பது பேரின் ஆதார் அட்டை, முன்பக்கமும் பின்பக்கமும், வரிசையாக வந்து விழும். சந்திப்பு முடிந்தபின் அவற்றை அழிப்பவர் யாரும் இல்லை. ஆதார் இணையதளத்தில் முதல் எட்டு இலக்கங்கள் மறைக்கப்பட்ட ‘மாஸ்க்டு ஆதார்’ இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பதிவிறக்கி, பதிவு செய்பவருக்குத் தனியாக மட்டும் அனுப்ப வேண்டும்.

மோசடி நடக்கும் விதம்

சந்திப்புக்குப் பிந்தைய வாரங்களில் வரும் செய்தி இப்படி இருக்கும்: “மச்சான், பொண்ணை ஆஸ்பத்திரில சேர்த்திருக்கேன். ஜிபே லிமிட் முடிஞ்சிருச்சு. இந்த நம்பருக்கு ஒரு இருபதாயிரம் போடு, காலைல திருப்பிடறேன்.” முகப்புப் படம் நண்பருடையது. பட்டப்பெயர்கூடச் சரியாக இருக்கும். மலரில் அச்சிட்டுக் கொடுத்ததுதானே. பணம் போகும் கணக்கு மட்டும் வேறொருவர் பெயரில் இருக்கும். கட்டணச் செயலி அந்தப் பெயரைத் திரையில் காட்டியும், படித்துப் பார்க்காமல் பின் எண்ணை அழுத்துகிறவர்களே அதிகம்.

இரண்டாவது வகையில் நண்பரின் கணக்கே பறிபோகிறது. “சந்திப்புக்கு வருபவர் பட்டியலை உறுதி செய்கிறோம், உங்களுக்கு வந்த ஆறிலக்க எண்ணைச் சொல்லுங்கள்” என்று கேட்பார்கள். அந்த எண் வாட்ஸ்அப் கணக்கின் திறவுகோல். எந்தச் சந்திப்புக்கும் ஓடிபி தேவையில்லை. கேட்பவர் பழைய வகுப்புத் தலைவரே ஆனாலும் சொல்லக் கூடாது. வாட்ஸ்அப் அமைப்பில் இரட்டைச் சரிபார்ப்பு பின்னை இன்றே வைத்துக்கொள்வது நல்லது. கணக்கு பறிபோயிருந்தால், அதே எண்ணை மீண்டும் பதிவு செய்து, குறுஞ்செய்தியில் வரும் எண்ணை இட்டால் மோசடிக்காரர் வெளியேற்றப்படுவார். அவர் பின் வைத்திருந்தால் கணக்கு முழுமையாகக் கைக்கு வர ஏழு நாள் ஆகும்.

பணம் கேட்டு யார் செய்தி அனுப்பினாலும், பழைய எண்ணில் அழைத்து, குரலைக் கேட்டு, பிறகே முடிவெடுக்க வேண்டும். அழைத்துக் கேட்டால் நண்பர் என்ன நினைப்பாரோ என்ற கூச்சமே இந்த மோசடியின் முதலீடு.

பணம் போய்விட்டால்

முதலில் செய்ய வேண்டியது 1930 என்ற எண்ணை அழைப்பது. குழுவில் புலம்புவதும், “யாருக்காவது போலீஸில் ஆள் தெரியுமா” என்று விசாரிப்பதும் அதற்குப் பிறகு. பணம் அடுத்தடுத்த கணக்குகளுக்குத் தாவிக்கொண்டே இருக்கும். புகார் எவ்வளவு சீக்கிரம் போகிறதோ அவ்வளவு பணத்தைத்தான் வங்கிகளால் தடுத்து நிறுத்த முடியும். தொகை, நேரம், தம் வங்கிக் கணக்கு எண், பணம் போன யுபிஐ முகவரி, பரிவர்த்தனையின் யுடிஆர் எண் ஆகியவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அழைக்க வேண்டும். ஒப்புகை எண் கிடைத்ததும் தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் 24 மணி நேரத்துக்குள் முழுப் புகாரையும் பதிவு செய்ய வேண்டும். தொலைபேசியில் சொன்னதோடு வேலை முடிந்தது என்று விட்டுவிடுபவர்கள் பலர். முடியவில்லை.

அடுத்தது வங்கி. கணக்கு வைத்திருக்கும் கிளையில் எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுத்து, நகலில் முத்திரையும் தேதியும் வாங்க வேண்டும். கணக்கு வைத்திருப்பவருக்குத் தெரியாமல், அவர் தவறில்லாமல் பணம் எடுக்கப்பட்டிருந்தால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவிப்பவருக்கு இழப்பு இல்லை என்பது ரிசர்வ் வங்கியின் 2017ஆம் ஆண்டு விதி. ஏமாந்து தாமே பின் எண்ணை அழுத்தி அனுப்பிய பணத்துக்கு இந்தப் பாதுகாப்பு எளிதில் கிடைக்காது. 30 நாட்களுக்குள் வங்கி பதில் தராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளருக்கு இணையவழி முறையிடலாம். வழிகாட்டுதலுக்கு 14448ஐ அழைக்கலாம்.

மூன்றாவது காவல் துறை. தமிழ்நாட்டில் மாவட்டந்தோறும் சைபர் குற்றக் காவல் நிலையம் உண்டு. “அது எங்க லிமிட் இல்லை” என்று திருப்பி அனுப்பும் பழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவுப்படி, பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றம் எங்கு நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் பதியலாம். முதல் தகவல் அறிக்கையின் நகல் இலவசம். புகார் பெற்றதற்கான வெறும் சிஎஸ்ஆர் ரசீதைக் கொடுத்து அனுப்பிவிட்டால், அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு, காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவு அஞ்சலில் புகாரை அனுப்ப வேண்டும். அதற்கும் அசைவில்லை என்றால் நீதித்துறை நடுவரிடம் மனு கொடுக்கலாம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவு அடையாளத் திருட்டுக்கும், 66டி பிரிவு ஆள்மாறாட்ட மோசடிக்கும் மூன்றாண்டு வரை சிறை விதிக்கிறது. புகாரில் இந்தப் பிரிவுகளைக் குறிப்பிட்டால் தட்டிக்கழிப்பது கடினம்.

உரையாடலை அழித்துவிடக் கூடாது. அவமானம் என்று நினைத்து அழித்தவரிடம் சாட்சியம் இருக்காது. எண் தெரியும்படி திரைப்படிகள் எடுத்து, உரையாடலை ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் சேமிக்க வேண்டும். மின்னணு ஆவணங்களை நீதிமன்றத்தில் சமர்ப்பிக்க, சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தேவைப்படும். கைபேசியை மாற்றுவதற்கு முன் இதை நினைவில் வைக்க வேண்டும். தடுத்து வைக்கப்பட்ட பணம் தானாகத் திரும்பி வராது. பல வழக்குகளில் நடுவர் நீதிமன்றத்தில் மனு போட்டே பெற வேண்டியிருக்கிறது.

படம் தவறாகப் பயன்பட்டால்

குழுப் படத்திலிருந்து ஒரு பெண்ணின் முகத்தை வெட்டி உருமாற்றி மிரட்டினால், பணம் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் மறுபடியும் கேட்பார்கள். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகாரை அதே தேசிய இணையதளத்தில் பெயர் வெளியிடாமலும் பதியலாம். சம்பந்தப்பட்ட சமூக ஊடகத்தின் குறைதீர் அலுவலருக்கும் உடனே எழுத வேண்டும். உருமாற்றப்பட்ட படங்களைக் குறுகிய கெடுவுக்குள் நீக்கும் கடமை, 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி அவர்களுக்கு உண்டு. உதவிக்கு 181 மகளிர் எண் இருக்கிறது.

பொதுப் பணம்

பள்ளிக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று வசூலிக்கும் பணத்தை ஒருவரின் சொந்தக் கணக்கில் போடுவது பின்னாளில் சண்டைக்கு வழி. தொடர்ந்து செயல்பட நினைக்கும் வகுப்பினர், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் சங்கத்தைப் பதிந்து, சங்கத்தின் பெயரிலேயே கணக்குத் தொடங்கலாம். அரசுப் பள்ளிக்கு உதவுவோருக்கு 2022இல் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டம் இருக்கிறது. சீட்டு, பங்கு முதலீடு, இரட்டிப்புத் திட்டம் என்று எவர் குழுவில் ஆள் பிடித்தாலும், முதலில் பதிவு எண்ணைக் கேட்க வேண்டும். சேர்ந்து படித்தவர் என்பது பதிவுச் சான்று ஆகாது.

அமைப்பாளர்கள் இன்றைக்கே செய்ய வேண்டியது ஒன்று உண்டு: குழுவின் விவரப் பகுதியில் முதல் வரியாக “பணம் கேட்டால் பழைய எண்ணில் அழைத்துப் பேசு, ஓடிபி சொல்லாதே, ஏமாந்தால் உடனே 1930” என்று எழுதி வைக்க வேண்டும்.