தேக்கு ஏறிய கப்பல்

திருகோணமலை எனும் பெயர் தாங்கிய போர்க்கப்பல் ஒன்று இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் இன்றும் மிதக்கின்றது. 1782இல் நம் துறைமுகத்தை அடுத்து ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் பொருத கடற்போரின் நினைவாக இடப்பட்ட பெயர் அது. மும்பையில் ஜம்செட்ஜி பொமன்ஜி வாடியா கட்டிய அக்கலம் 1817 அக்டோபர் 12இல் நீரில் இறங்கியது. அது இத்துணை நெடுங்காலம் நிலைத்ததற்கு முதற்காரணம் அதைக் கட்டிய தேக்கு மரம்.

அம்மரத்தின் ஆங்கிலப் பெயரும் நம்மிடமிருந்து சென்றதே. தமிழிலும் மலையாளத்திலும் வழங்கும் 'தேக்கு' எனும் சொல்லை மலையாளக் கரையில் கேட்ட போர்த்துக்கேயர் 'தேக்கா' என்றனர். 17ஆம் நூற்றாண்டில் அது ஆங்கிலத்தில் 'டீக்' ஆயிற்று.

கப்பல் கட்ட ஐரோப்பியர் நம்பியிருந்த ஓக் மரத்தில் துவர்ப்புப் பொருள் மிகுதி. ஈரம் பட்டால் அது இரும்பாணியை அரிக்கும். ஆணியைச் சுற்றி மரமும் கருகும். தேக்கின் எண்ணெய்ப்பசையோ ஆணியைக் காக்கும். அதிலுள்ள தெக்டோகுவினோன் எனும் சேர்மம் கறையானை அண்டவிடாது. ரப்பரை ஒத்த இயற்பொருள் நீர் ஊறுவதைக் குறைக்கும். உளியின் கூர் விரைவில் மழுங்குவதற்கு அதன் சிலிக்காவே காரணம். இக்காப்பெல்லாம் மரத்தின் உட்பகுதியான வைரத்துக்கே உரியது, வெளிப்பகுதியான வெளிற்றுக்கு இல்லை. மரத்தை அடையாளம் காண எளிய வழியும் உண்டு: இளந்தளிரைக் கசக்கினால் உள்ளங்கை சிவக்கும்.

தேக்கு இலங்கையின் இயல்தாவரம் அன்று. திருகோணமலைக் காடுகளுக்குரிய கப்பல்மரம் சவண்டலை, சிங்களத்தில் ஹல்மில்ல. ஆங்கில வணிகர் அதனைத் 'திருகோணமலை மரம்' என்றே அழைத்தனர். சென்னைக் கரையின் மசூலாப் படகுகளுக்கு இங்கிருந்து சென்ற மரம் அது. தேக்கின் புகழில் இது மறைந்துபோனது வருந்தத்தக்கது.

இன்று ஆங்கிலத்தில் 'டீக்' என்பது ஒரு பழுப்பு நிறத்துக்கும் பெயர்; உறவற்ற மரங்களுக்கும் பெயர். 'ஆப்பிரிக்கத் தேக்கு' என விற்கப்படும் இரோக்கோ, அத்திக் குடும்பத்தது. 'பிரேசில் தேக்கு' எனப்படும் குமாருவோ அவரைக் குடும்பத்தது. அவையும் உறுதியான மரங்களே. ஆயினும் தேக்கு அல்ல. கதவுக்கும் நிலைக்கும் மரம் வாங்குவோர், அது தேக்கின் தாவரவியல் பெயரான தெக்டோனா கிராண்டிஸ்தானா எனக் கேளுங்கள். பலகையில் வைரம் எவ்வளவு, வெளிறு எவ்வளவு என்பதையும் பார்த்தே விலை பேசுங்கள்.