முதலில் வேலை, பிறகு பயிற்சி

அமெரிக்காவின் சின்சினாட்டி நகரில் உள்ள குழந்தைகள் மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தவர் எரின் ரீலி. அவருக்கு ஓயாத ஒரு தலைவலி இருந்தது. ஊசி, பஞ்சு, கையுறை, குழாய் என்று தீரத் தீர அலமாரிகளை நிரப்பி வைக்கும் வேலைக்கு ஆள் நிலைக்கவில்லை. வந்தவர்கள் சலித்துப்போய்க் கிளம்பிவிடுவார்கள். பொருள் தட்டு மாறிக் கிடந்தால் அவசரத்துக்குக் கைக்கு அகப்படாது. அறிவுசார் குறைபாடு உள்ள இளைஞர்களுக்கு இந்த வேலையைப் பழக்கினால் என்ன என்று ரீலிக்குத் தோன்றியது. 1996-இல் அப்படித் தொடங்கியதுதான் ‘பிராஜெக்ட் சர்ச்’. இத்திட்டத்தில் பள்ளியின் கடைசி ஆண்டு முழுவதும் மாணவர்கள் ஒரு மருத்துவமனைக்கோ அலுவலகத்துக்கோ தினமும் போய், பிரிவு பிரிவாக மாறி வேலை பழகுகிறார்கள். பிரிட்டன் உட்படப் பல நாடுகளுக்கு இது பரவிவிட்டது.

வழக்கமாக நடப்பது வேறு. முதலில் ஒரு பயிற்சி மையத்தில் சேர்ப்பார்கள். கவர் ஒட்டலாம், மெழுகுவத்தி வார்க்கலாம், மிதியடி பின்னலாம். “நல்லா தேறட்டும், அப்புறம் வெளியே வேலைக்கு அனுப்பலாம்” என்பார்கள். எப்போது தேறுவார் என்று கேட்டால் பதில் வராது.

மனச்சிதைவு, இருமுனை மனநோய் போன்ற கடுமையான பாதிப்பு உள்ளவர்கள் விஷயத்தில் இந்த வரிசையைத் திருப்பிப் போட்டவர்கள் நியூ ஹாம்ப்ஷையர் மாநிலத்தின் டெபோரா பெக்கரும் மனநல மருத்துவர் ராபர்ட் டிரேக்கும். 1990-களில் அவர்கள் வகுத்த முறைக்கு ‘ஐ.பி.எஸ்.’ என்று பெயர். வேலைக்குப் போக ஆசை இருக்கிறதா என்பது ஒன்றுதான் தகுதி. எத்தனை முறை ஆஸ்பத்திரியில் சேர்ந்தார் என்ற கணக்கெல்லாம் குறுக்கே வராது. தேடித் தரும் வேலையும் ஊரில் எல்லோரும் பார்க்கும் சம்பள வேலைதான். தேடலும் ஒரு மாதத்துக்குள் தொடங்கிவிட வேண்டும்.

இந்த முறையின் உயிர்நாடி, சிகிச்சைக் குழுவோடு சேர்ந்து இயங்கும் வேலைவாய்ப்பு ஆலோசகர். ஒருவர் பொறுப்பில் இருபது பேருக்கு மேல் இருக்கக் கூடாது. மேசையில் உட்கார்ந்து விண்ணப்பம் நிரப்புவது அவர் வேலையில் சிறு பங்குதான். கடை, ஹோட்டல், கிடங்கு என்று ஏறி இறங்கி, வாரத்துக்கு ஆறு முறையாவது முதலாளிகளை நேரில் பார்க்க வேண்டும். அதற்கு ‘மூன்று கோப்பைத் தேநீர்’ என்று ஒரு வழி வைத்திருக்கிறார்கள். முதல் சந்திப்பில் வெறும் அறிமுகம். அடுத்ததில் எந்த வேலைக்கு ஆள் தேவை, எந்த நேரத்தில் கூட்டம் அதிகம் என்று முதலாளியைப் பேசவிட்டுக் கேட்பது. மூன்றாவதில்தான், “இதுக்குப் பொருத்தமா ஒருத்தர் இருக்கார்” என்ற பேச்சு வரும். நம் ஊர்க் கல்யாணத் தரகர்களுக்கு இந்த நுணுக்கத்தை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை!

வேலை கிடைத்ததும் ஆலோசகர் கைகழுவிவிடுவதில்லை. சிக்கல்கள் பெரும்பாலும் சின்னவை. இரவில் போட்ட மாத்திரையின் தூக்கக் கலக்கம் காலையில் விடாது. எட்டு மணி ஷிப்டைப் பதினொன்றுக்கு மாற்றினால் சரியாகிவிடும். சூப்பர்வைசர் வாய்மொழியாக அடுக்கும் ஐந்து வேலைகள் நினைவில் நிற்காது. சீட்டில் எழுதிக் கொடுத்தால் போதும். நோயைப் பற்றி முதலாளியிடம் சொல்வதா, சொல்வதானால் எவ்வளவு என்பதை வேலைக்குப் போகிறவர்தான் முடிவு செய்வார்.

“வேலைப் பளு தாங்காமல் நோய் திரும்பிவிட்டால்?” வீட்டாருக்கு மட்டுமல்ல, மருத்துவர்களுக்கும் இந்தப் பயம் உண்டு. லண்டன், சூரிச், சோஃபியா உள்ளிட்ட ஆறு ஐரோப்பிய நகரங்களில் 312 பேரிடம் இதைச் சோதித்து, 2007-இல் ‘லான்செட்’ இதழில் முடிவை வெளியிட்டார்கள். ஐ.பி.எஸ். வழியில் போனவர்களில் 55 சதவீதத்தினர் ஒரு நாளாவது சம்பள வேலை பார்த்திருந்தனர். பழைய பயிற்சி வழியில் 28 சதவீதம். மீண்டும் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் முதல் வழியில் 20 சதவீதம், இரண்டாவதில் 31. ‘ஒரு நாளாவது’ என்பது தாழ்வான அளவுகோல்தான். கிடைக்கும் வேலைகளில் பகுதிநேர வேலைகள் நிறைய, பலவற்றில் ஆள் நீடிப்பதும் இல்லை. ஆனாலும் பயந்தபடி நோய் முற்றவில்லை என்பது லேசான செய்தி அல்ல.

இந்தியாவில் வேலைக்கான வழி எப்படி இருக்கிறது? 1995-ஆம் ஆண்டு ஊனமுற்றோர் சட்டம் மனநோயை ஊனம் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் அதற்கு அரசு வேலையில் ஒதுக்கீடு தரவில்லை. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் நான்கு சதவீத ஒதுக்கீட்டில் ஒரு சதவீதத்தை ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, கற்றல் குறைபாடு, மனநோய், பல்வகை ஊனம் ஆகியவற்றுக்குப் பொதுவாக வைத்தது. அதற்கு 40 சதவீதப் பாதிப்பு என்ற சான்றிதழ் வேண்டும். மனநோயின் பாதிப்பை அளக்க இங்கே ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோல் இருக்கிறது. தன்னைத் தானே கவனித்துக்கொள்வது, பிறரோடு பழகுவது, பேசிப் புரிந்துகொள்வது, வேலை என நான்கு தலைப்புகளில் மதிப்பெண் போடுவார்கள். ஒருவர் வேலையை ஒழுங்காகச் செய்யச் செய்ய அந்த மதிப்பெண் இறங்கும். அதன்படி பாதிப்பு நாற்பது சதவீதத்துக்குக் கீழே போய்விட்டால், ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க முடியாது.