சின்ன கிளப்புக்கு ஒரு கேலரி

இங்கிலாந்தின் சிறு கால்பந்து கிளப்புகளில் புதிய கேலரி பற்றிய பேச்சு பெரும்பாலும் அணி மேலேறும்போதுதான் கிளம்பும். தொழில்முறைக் கால்பந்து லீக்குக்குக் கீழே ஏணிப்படிகள் போல வேறு லீக்குகள் இருக்கின்றன. ஒவ்வொரு படிக்கும் மைதானம் எப்படி இருக்க வேண்டும் என்று கால்பந்துச் சங்கம் விதி வைத்திருக்கிறது: கூரைக்குக் கீழே இத்தனை இருக்கை, நிற்க இவ்வளவு இடம், கழிப்பறை, தடுப்பு, மின்விளக்கு. அணி முதலிடம் பிடித்தாலும் மைதானம் தேறாவிட்டால் மேல்படிக்குப் போக முடியாது.

எனவே எத்தனை இருக்கை என்பதுதான் முதல் கணக்கு. ஆளுக்கு அரை மீட்டர், வரிசைக்கு 25 பேர், நான்கு வரிசை என்று வைத்தால் 100 இருக்கைக்கு 12.5 மீட்டர் நீளம் போதும். நடைவழிக்குச் சற்றுக் கூடும். இந்த அளவுக் கேலரி தொழிற்சாலையிலேயே தயாராகி லாரியில் வந்து, கான்கிரீட் தளத்தில் பொருத்தப்படுகிறது. பார்க்கப் பேருந்து நிழற்குடையை நீட்டியதுபோல இருக்கும் என்பது உண்மைதான். ஆனாலும் நூறு, இருநூறு பேர் வரும் கிளப்புக்கு அதுவே சரி. ஆசைப்பட்டுப் பெரிதாகக் கட்டினால் வேறொரு சிக்கல் உண்டு. 500 பேருக்கோ அதற்கு மேலோ இடமுள்ள கூரைக் கேலரிக்கு, 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி உள்ளாட்சியின் பாதுகாப்புச் சான்றிதழ் தேவை.

எங்கே வைப்பது என்பதில் சூரியனும் மழையும் ஒரே பதிலைச் சொல்கின்றன. ஆட்டம் வழக்கமாகப் பிற்பகல் 3 மணிக்குத் தொடங்குகிறது. மேற்குப் பக்கம் கேலரி இருந்தால் வெயில் கண்ணில் அடிக்காது. அந்த நாட்டில் மழைக்காற்றும் பெரும்பாலும் தென்மேற்கிலிருந்தே வருவதால், கேலரியின் முதுகே அதைத் தாங்கிக்கொள்ளும். பழைய கிளப்புகள் பலவற்றின் முதன்மைக் கேலரி மேற்கில் இருப்பது இதனால்தான்.

அடுத்தது பார்வைக்கோடு. பின்வரிசையில் இருப்பவரின் கண்ணிலிருந்து அருகிலுள்ள எல்லைக்கோட்டுக்கு ஒரு கோடு இழுத்தால், அது முன்வரிசைக்காரரின் கண்மட்டத்துக்கு மேல் எவ்வளவு உயரத்தில் போகிறது என்று பார்ப்பார்கள். 90 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. 60-க்குக் கீழே போனால் கழுத்தை நீட்டித்தான் பார்க்க வேண்டும். இதைக் கவனமாகக் கணக்கிட்டுவிட்டு, மாற்று ஆட்டக்காரர்களின் கொட்டகையைக் கேலரிக்கு நேர் முன்னால் வைத்துவிடும் கிளப்புகளும் இருக்கின்றன!

கூரையை முன்பக்கத் தூண்களில் நிறுத்தினால் செலவு குறையும், பார்வை மறையும். பின்னாலிருந்து மட்டும் தாங்கினால் பார்வைக்குத் தடையில்லை. ஆனால் முன்பக்கம் திறந்த கூரைக்குள் காற்று புகுந்து அதை மேலே தூக்கப் பார்க்கும். அதனால் அஸ்திவாரம் சுமையைத் தாங்குவதோடு, கேலரியைக் கீழே இழுத்துப் பிடிக்கவும் வேண்டும்.

எதனால் கட்டுவது என்பதில் இன்று பெரிய விவாதம் இல்லை: பெரும்பாலும் எஃகும் கான்கிரீட்டும்தான். 1985 மே 11 அன்று பிராட்ஃபோர்டு நகர அணியின் பழைய மரக் கேலரியில், இருக்கைகளுக்கு அடியில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த குப்பையில் தீப்பிடித்தது. சில நிமிடங்களில் கேலரி முழுவதும் எரிந்து 56 பேர் இறந்தனர். புதிய கூரைக்கான எஃகு முன்பே வந்து இறங்கியிருந்தது. 1987-ஆம் ஆண்டுச் சட்டம் இந்தத் தீயின் விளைவுதான்.

பணத்தில் ஒரு பகுதி பிரீமியர் லீக்கின் மைதான நிதியிலிருந்து மானியமாகக் கிடைக்கக்கூடும். மீதியைக் கிளப்பே திரட்ட வேண்டும். திட்ட அனுமதிக்கும் மாதங்கள் ஆகும். மேல்படிக்கு மைதானம் தேற வேண்டிய காலக்கெடுவோ யாருக்காகவும் காத்திருப்பதில்லை. 1994-இல் கிடர்மின்ஸ்டர், 1995-இல் மேக்கில்ஸ்ஃபீல்டு, 1996-இல் ஸ்டீவனேஜ் எனக் கால்பந்து லீக்குக்கு அடுத்த கீழ்ப்படியில் முதலிடம் பிடித்த மூன்று சாம்பியன்கள் அடுத்தடுத்து மைதானம் தகுதி பெறாததால் கால்பந்து லீக்கில் நுழைய முடியாமல் போயினர். ஸ்டீவனேஜ் நீதிமன்றம் வரை போனது. தாமதமாக வந்ததாகச் சொல்லி வழக்கு தள்ளுபடியானது. அந்த கிளப் லீக்கில் கால்வைத்தது 2010-இல்தான்.